கம்பத்து வீட்டுக்கு நான் கட்டிக்கொடுத்த ப்ரீஆம்ப்

வேலையிலிருந்து நின்று இரண்டு வருஷமாகிறது. இன்னும் ஓரிடத்தில் உட்கார வரவில்லை. காலை ஒன்பது மணியானால் கை எதையாவது தேடுகிறது. போன மாதம் வீட்டு மிக்ஸியைப் பிரித்துத் துடைத்துப் பூட்டினேன். மறுவாரம் அதையே மறுபடி பிரித்தேன். "நல்லா ஓடுற மிக்ஸியை ஏம்மா இந்தப் பாடு படுத்துற?" என்று மகள் பிடுங்கி வைத்துவிட்டாள்.

தேனியில் நான் வேலை பார்த்த ஆம்ப்ளிஃபயர் பட்டறையில் இப்போது இருக்கும் பிள்ளைகள் செல்போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். போன வாரம் அதில் ஒரு கேள்வி வந்தது. "ஸ்டெல்லாக்கா, ஜெயமங்கலத்துல ஒரு சார் புது வீட்டுக்கு ஸ்டீரியோ வைக்கிறாக. ப்ரீஆம்ப் வால்வுல கட்டணுமா, டிரான்சிஸ்டர்ல கட்டணுமான்னு கேக்குறாக. ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஒரு வார்த்தைதான் கேட்டார்கள். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தேன். அதைச் சொல்லப் போனால் கம்பத்துத் தங்கவேல் ஐயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரை விட்டுவிட்டுச் சொல்லும் பதில் அரைப் பதில். ஆகவே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரெக்கார்டு பிளேயரோ சி.டி. பிளேயரோ தரும் சிக்னல் மெல்லியது. அதைப் பக்குவப்படுத்திப் பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் நடுப்பெட்டிதான் ப்ரீஆம்ப். வால்யூம், பேலன்ஸ் எல்லாம் அதில்தான் இருக்கும். அந்தக் காலத்து ரேடியோவில் ஆரஞ்சு நிறத்தில் எரியுமே, அந்த வால்வை வைத்தும் அதைக் கட்டலாம். டிரான்சிஸ்டரை வைத்தும் கட்டலாம். வால்வு தன் பங்குக்குச் சத்தத்தில் கொஞ்சம் மெருகு ஏற்றும். சிலருக்கு அது பிடிக்கும். ஆனால் அது சூடாக வேண்டும், உள்ளே இருநூற்றைம்பது வோல்ட்டுக்கு மேல் ஓடும், வயதானால் இரையும், விரலால் தட்டினால் ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்கும். டிரான்சிஸ்டர் தன்னிடமிருந்து எதையும் சேர்க்காது. வந்ததை அப்படியே கொடுக்கும். இவ்வளவுதான் சங்கதி. இதற்காக மணிக்கணக்கில் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

உத்தமபாளையம் பக்கம் எங்கள் ஊர். ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் படித்தேன். அந்த வகுப்பில் பெண் என்று இருந்தவள் நான் ஒருத்திதான். படித்து முடித்து மூன்றாம் மாதம் தேனிப் பட்டறையில் சேர்ந்தேன். செம்புக் கம்பியில் காயில் சுற்றினேன், ஈயம் உருக்கிச் சால்டரிங் வைத்தேன், கல்யாணம் பண்ணினேன், பிள்ளை பெற்றேன், திரும்ப வந்து சால்டரிங் வைத்தேன். இருபது வருஷம் இப்படி ஓடியது.

பட்டறைக்குத் தலைமை மெக்கானிக் வரதராஜ் சார். வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இருக்காது. பழுதுக்கு வந்த எந்தப் பெட்டியையும் உடனே கரண்டில் போட மாட்டார். மூடியைக் கழற்றி முதலில் முகர்ந்து பார்ப்பார். கருகின ரெசிஸ்டருக்கு ஒரு வாடை, ஒழுகின கண்டென்சருக்கு ஒரு வாடை. அப்புறம்தான் பென்சிலை எடுத்துக் குறிப்பு எழுதுவார். வால்வு செட்டைத் திறந்து வைத்து வேலை பார்க்கும்போது இடது கை சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். இரண்டு கையும் உள்ளே போனால், ஷாக் அடித்தால் கரண்டு ஒரு கை வழியே ஏறி நெஞ்சைக் கடந்து மறு கை வழியே இறங்கும். நான் சேர்ந்த புதிதில், "சேலையில ஏது சார் பை?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளே டெய்லரை வரவழைத்து, இடது பக்கம் ஆழமான பை வைத்துக் காக்கிக் கோட்டு ஒன்று தைக்கச் சொன்னார்.

இரண்டு செட்டை ஒப்பிட்டுக் காட்டுவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. வால்வைப் பத்து நிமிஷம் சூடாக விட வேண்டும். இரண்டுக்கும் ஒரே சுருதியில் டோன் கொடுத்து, மீட்டரில் இரண்டின் அளவையும் இம்மி பிசகாமல் சமமாக்க வேண்டும். "சத்தம் ஒரு பொட்டு கூட இருந்தாலும் அதுதான் நல்லாருக்குன்னு காது சொல்லிரும். காது ஏமாளி" என்பார். அப்புறம் இரண்டின் மேலும் துணியைப் போர்த்திவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்.

அவருடைய இன்னொரு சட்டம்: "செட்டைப் பத்திப் பேசு. ஆளோட காதைப் பத்திப் பேசாதே."

தங்கவேல் ஐயாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயதிருக்கும். கம்பத்தில் திராட்சைத் தோட்டம். பாட்டு என்றால் உயிர். மாடியில் ஓர் அறை முழுக்க ரெக்கார்டும் கேசட்டும். நடுவில் ஒரே ஒரு நாற்காலி, எதிரே இரண்டு ஸ்பீக்கர். அவரிடம் இருந்தது டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப். "எல்லாம் கேக்குது சார். ஆனா உசுரு இல்ல" என்று சொல்லிக் கூப்பிட்டார். நானும் சாரும் இரண்டு பெட்டிகளோடு தை மாதம் போனோம். துணி போர்த்திக் கேட்டதில் அநேகமாக ஒவ்வொரு தடவையும் வால்வைச் சரியாகக் கண்டுபிடித்தார். சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். அவர் மனைவி செல்வராணி அம்மா கதவருகே காப்பித் தம்ளரோடு நின்று, "இதுக்கா இம்புட்டுச் சந்தோசம்!" என்று சிரித்தார். வால்வு ப்ரீஆம்ப் ஒன்றை நானே கட்டினேன். மாசியில் கொண்டுபோய் வைத்தோம்.

பங்குனியில் போன் வந்தது. "இடது பக்கம் மெலிஞ்சு கேக்குது."

போய்ப் பார்த்தோம். இப்படிப்பட்ட புகாருக்கு வழிமுறை ஒன்றுதான்: இடதை வலதாக்கு, வலதை இடதாக்கு. பழுது கூடவே நகர்ந்தால் நகர்த்தின பொருளில் இருக்கிறது. வால்வுகளை மாற்றிப் போட்டேன். இடது பக்கம்தான் கம்மி என்றார். கேபிளை மாற்றினேன். அப்போதும் இடதுதான். இரண்டு ஸ்பீக்கரையும் தூக்கி இடம் மாற்றினோம். இடதுதான். மீட்டரோ இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டியது.

எனக்கு ஒன்று தோன்றியது. "ஐயா, நாற்காலியத் திருப்பிப் போட்டு உக்காருங்க. ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி" என்றேன். உட்கார்ந்தார். இப்போது முதலில் அவருக்கு வலது பக்கம் இருந்த ஸ்பீக்கர் இடது கைப் பக்கம் வந்துவிட்டது. பாட்டைப் போட்டேன்.

அவர் இடது கையை நீட்டி, "அட, இப்ப இது மெலிஞ்சிருச்சே! அது சரியாயிருச்சு!" என்றார்.

சாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பழுது ஆளோடு சேர்ந்து திரும்பியிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் சார், "ரூம்லதான் ஏதோ எதிரொலி இருக்கு. ஜன்னலுக்குக் கனமா ஒரு திரை போட்டுப் பாருங்க" என்று சொல்லிப் பையை மூடிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், அவுக காதுலதான் கோளாறு. அது ஒங்களுக்கும் தெரியும்" என்றேன்.

"தெரியும்."

"பெறகு ஏன் சொல்லல?"

பஸ் சின்னமனூரைத் தாண்டியது. அப்புறம் சொன்னார். நான் சேருவதற்கு முன்னால் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு மைக் செட்காரர் இருந்தாராம். செட்டில் பழுது என்று திரும்பத் திரும்பக் கொண்டு வந்தாராம். "செட்டு நல்லாருக்கு, ஒங்க காதுதான் போச்சு" என்று சார் ஒரு நாள் அலுப்பில், அவருடைய ஆட்கள் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். செவிட்டு மைக் செட் என்று பேர் ஊரெல்லாம் பரவி, திருவிழாவுக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இரண்டே வருஷத்தில் தொழிலை விட்டுவிட்டார். "அந்த மனுசன் கடைசி வரைக்கும் எங்கிட்டப் பேசல. என் வாயால இன்னொருத்தர் காதைப் பத்திப் பேச மாட்டேன் ஸ்டெல்லா."

"அது தொழில் சார். இவுக வீட்ல உக்காந்து கேக்குறவுக."

"வயசானா எல்லாருக்கும் கொறையும். விடு."

நான் விட்டேன். இதை நான் மறைக்கப் போவதில்லை. சார் மேல் பயம் பாதி. வாடிக்கையாளர் முகம் சுளித்தால் என்ன செய்வது என்ற பயம் மீதி.

சித்திரையில் மறுபடி கூப்பிட்டார். திரை போட்டும் சரியாகவில்லை. பேலன்ஸ் குமிழை இடது பக்கம் முக்கால்வாசி திருப்பி வைத்திருந்தார். அது நேராக இல்லாமல் கோணலாக இருப்பதே அவருக்கு எரிச்சல். "புது செட்டுக்கு ஏன் இந்தக் கோணல்?" என்றார். பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். சார் வரைபடத்தில் ஒரு ரெசிஸ்டரைப் பென்சிலால் சுழித்துக் காட்டினார். "இடது பக்கம் இதை மாத்திரு. அளவு கூடிரும். குமிழ் நடுவுல நிக்கும்."

என் கையால்தான் மாற்றினேன். இடது கை கோட்டுப் பையில் இருக்க, வலது கையால் சால்டரிங் வைத்தேன். கொண்டுபோய் வைத்ததும் குமிழை நடுவில் நிறுத்தி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இப்பத்தான் தாயி உசுரு வந்துச்சு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். செல்வராணி அம்மா கதவருகே நின்றுகொண்டிருந்தார். அன்று அவர் சிரிக்கவில்லை என்பது பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த சில மாதம் கம்பத்திலிருந்து போன் இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லை. வேறு யாருடைய செட்டிலாவது பேலன்ஸ் குமிழைத் தொடும்போதெல்லாம் அவர் நீட்டிய இடது கை நினைவுக்கு வரும். சமையல் பண்ணும்போது வரும். கோயிலில் பூசை நடக்கும்போது வரும். ஒரு தடவை போனை எடுத்து அவர் நம்பரை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

ஐப்பசியில் அவரே கூப்பிட்டார். சார் அன்று மதுரைக்கு உதிரிப்பாகம் வாங்கப் போயிருந்தார். "தாயி, வால்வு இரையுது. பம்ப்செட்டு ஓடுற மாதிரி 'உம்'முனு ஒரே இரைச்சல்" என்றார்.

"வால்வு ஏதும் கெட்டிருக்கும்யா. மாத்திருவோம்."

"அது சரி. ஆனா செட்டை அணைச்ச பெறகும் இரையுதே, அது எப்புடி?"

"நான் இப்பவே வர்றேன்யா" என்று போனை வைத்தேன். அடுத்த பஸ்ஸில் ஏறினேன். மாடி அறையில் அவர் பார்க்கும்படி ப்ரீஆம்ப்பின் பிளக்கைப் பிடுங்கினேன். பெரிய ஆம்ப்ளிஃபயரின் பிளக்கையும் பிடுங்கினேன். மின்விசிறியை நிறுத்தினேன்.

"இப்ப இரையுதாய்யா?"

"இரையுது தாயி."

"எந்தப் பக்கம்?"

இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னேன். "ஐயா, செட்டுல ஒண்ணுமில்ல. ஒங்க இடது காதுல ஏதோ இருக்கு. ரெண்டு பக்கமும் கொறைஞ்சா வயசுன்னு சொல்லலாம். ஒத்தப் பக்கம் மட்டும் கொறையக் கூடாது. மதுரையில காது டாக்டரப் பாருங்க. இந்த வாரமே பாருங்க."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "வால்வ மாத்த வந்தவ காத மாத்தச் சொல்றியா? ஒன்னால சரி பண்ண முடியலன்னா முடியலன்னு சொல்லு!"

கதவருகிலிருந்து செல்வராணி அம்மா உள்ளே வந்தார். "அவ சொல்றதுல என்ன தப்பு? ஒரு மாசமா நடக்கையில இடது பக்கமாச் சாயுறீக. தோட்டத்துல பந்தல் கல்தூணப் பிடிச்சுக்கிட்டுல்ல நிக்கிறீக. நான் கேட்டா வெயிலுங்குறீக."

அவர் எழுந்து கீழே போய்விட்டார். நான் பிடுங்கின பிளக்குகளைத் திரும்ப மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் சாரிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் எனக்கு வேலையைத் துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் வைத்தார். மூன்றாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து செல்வராணி அம்மா போன் பண்ணினார். காது நரம்பில் கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் வளர்ந்து மூளைப் பக்கம் அழுத்துகிறது, எடுத்தாக வேண்டும். அந்தக் காது இனி கேட்காது. "ஆளு பொழச்சுக்கிருவாக தாயி" என்று அழுதார். சாரிடம் அப்படியே சொன்னேன். கையிலிருந்த பென்சிலை வைத்துவிட்டு வெளியே போனவர் அன்று திரும்பி வரவில்லை.

கார்த்திகையில் ஆபரேஷன் முடிந்தது. தை கடைசியில் தங்கவேல் ஐயா பட்டறைக்கு வந்தார். காருக்கும் வாசலுக்கும் நடுவில் மகனின் தோளைப் பிடித்து நடந்தார். வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. ப்ரீஆம்ப்பைக் கொண்டுவந்திருந்தார். "இனி எனக்கு ஒத்தக் காதுதான். ரெண்டு பக்கப் பாட்டையும் ஒண்ணாச் சேத்து ரெண்டு பெட்டியிலயும் வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க. வால்வா, டிரான்சிஸ்டரா, நீயே சொல்லு" என்றார். குரலில் கோபம் இல்லை. என்னைப் பார்த்து, "அன்னைக்கு நீ சொல்லலேன்னா இந்நேரம் நான் இல்ல" என்றும் சொன்னார்.

அந்த நன்றியை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. பெட்டி மூடியைக் கழற்றி அந்த ரெசிஸ்டரைக் காட்டினேன்.

"ஐயா, அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்னு நெனைக்காதீக. நாற்காலியத் திருப்பிப் போட்டமே, அன்னைக்கே தெரியும். பங்குனியிலேயே தெரியும். தெரிஞ்சும் இதை வச்சேன், இடது பக்கம் கூடக் கேக்கட்டும்னு. உசுரு வந்துச்சுன்னு சொன்னீகளே, அது இதுதான்."

அவர் அதைக் குனிந்து பார்த்தார். அரிசி மணி நீளம்தான் இருக்கும் அது.

சார் தன் மேஜையிலிருந்து எழுந்து வந்தார். "வைக்கச் சொன்னது நான். அவ மொதல் நாளே சொல்லிரலாம்னா. நான்தான் வாயை அடைச்சேன்."

தங்கவேல் ஐயா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதாவது கேட்பார், திட்டுவார் என்று நின்றேன். மகன் தோளைத் தொட்டு, "போவம்டா" என்றார். பெட்டியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

எட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டுப் பழையதை வைத்தேன். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கும் சுவிட்ச் வைத்தேன். அதே மாதிரி ஒரு டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப்பும் கட்டினேன். ஒன்பதாம் நாள் காலையில் சார் இரண்டையும் அவர் கையாலேயே அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டினார். "போயிட்டு வா. என்ன கேட்டாலும் மறைக்காம சொல்லிரு" என்றார்.

தங்கவேல் ஐயா தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். கொடி நறுக்கிக் கவாத்து முடிந்த திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து "ஐயா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் நின்று மறுபடி கூப்பிட்டேன்.

திரும்பிப் பார்த்தார். வந்துவிட்டாயா என்பது போலத் தலையை ஆட்டினார். "டாக்டர்ட்டக் கேட்டேன் தாயி. ஏழு மாசம் முந்தி வந்திருந்தா காது நின்னிருக்குமான்னு. நின்னாலும் நின்னிருக்கும், நிக்காமலும் போயிருக்கும்னுட்டார்."

"நான் சொல்லியிருக்கணும்யா."

"சொல்லியிருக்கணும்" என்றார். அப்புறம், "பெட்டியக் கொண்டாந்திருக்கியா? வா, மேல போவம்" என்று எழுந்தார்.

மாடியில் வழக்கம்போல எல்லாம் செய்தேன். வால்வைச் சூடாக்கி, அளவைச் சமமாக்கி, துணியைப் போர்த்திப் பாட்டைப் போட்டேன். மாற்றி மாற்றிக் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். வலது காதை முன்னால் கொண்டுவந்து கேட்டார். அப்புறம் கையை விரித்துவிட்டார். "தெரியல தாயி. ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. ஒனக்கு வித்தியாசம் தெரியுதா?"

தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். அவர் மனது ஆறும். "தெரியுதுய்யா" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கதவருகே செல்வராணி அம்மா நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது: ஒரு வருஷமாக இந்த வீட்டுக்கு வந்து போகிறோம், இவரை ஒரு தடவைகூட உட்கார வைத்துக் கேட்டதில்லை. "அம்மா, நீங்க கேட்டுச் சொல்லுங்களேன்" என்றேன்.

"எனக்கு என்ன தாயி தெரியும்?"

தங்கவேல் ஐயா எழுந்து நாற்காலியை விட்டு விலகினார். "உக்காரு."

அம்மா கூச்சத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். முதல் பெட்டியைப் போட்டேன். இரண்டாவதைப் போட்டேன். மறுபடி முதலாவது. அம்மா முகம் தெளிந்துகொண்டே வந்தது.

"அப்பாடா, இப்பத்தான் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு. போன சித்திரையிலருந்து இந்த இடது பக்கம் என்னா கத்து கத்துச்சு! தலவலி தாங்காமத்தான் நான் வாசலோட நின்னுக்கிருவேன்."

நானும் தங்கவேல் ஐயாவும் அவரையே பார்த்தோம்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டார் ஐயா.

"யாரு கேட்டீக?"

பாட்டு முடிந்து ரெக்கார்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. தங்கவேல் ஐயா ஊசியைத் தூக்கி வைத்தார். அப்புறம் தாழ்ந்த குரலில், "சரி, இப்பக் கேக்குறேன். எது நல்லாருக்கு?" என்றார்.

"ரெண்டாவது. சொல்லு தெளிவாக் கேக்குது."

துணியை எடுத்தேன். டிரான்சிஸ்டர்.

"அதையே வையி தாயி" என்றார் தங்கவேல் ஐயா. அப்புறம் சுவரோரம் கிடந்த இன்னொரு நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து, மனைவிக்கு இடது பக்கம், தன் நல்ல காது அவர் பக்கம் இருக்கும்படி போட்டு உட்கார்ந்தார்.